கணிப்பொறிக்கு ஏவலிடும் முறை

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் கணிப்பொறியைப் பற்றிப் பேசப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். "இலக்கணம் கற்பிப்பவருக்கும் இயந்திரத்துக்கும் என்ன உறவு?" என்று நம் செயலாளர் அவர்களே என்னை வினவினார்கள். யான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் இயந்திரமன்று. ஒரு சிறு மொழியேயாம். யூனிக்ஸ் என்னும் இயக்க முறையில் ஷெல் எனப்படும் வாயில் ஒன்றுண்டு. அவ்வாயிலில் படங்கள் இல்லை. தொடுதற்குரிய பொத்தான்கள் இல்லை. சொல் ஒன்றே வழங்கும். சொல் வழங்கும் இடத்தில் இலக்கணமும் உண்டு. இலக்கணம் உள்ள இடத்தில் தமிழாசிரியனுக்கும் ஓர் இருக்கை உண்டு என்ற துணிவினாலேயே இதனை மேற்கொண்டேன்.

கைப்பேசியில் விரல் வைத்தால் எல்லாம் நடக்கின்றதே, இனிச் சொல்லைக் கற்பானேன் என்று இளைஞர் கேட்கலாம். மொழியறியாத ஊருக்குச் சென்றவன் கடையில் பண்டங்களைச் சுட்டிக்காட்டி வாங்குகின்றான். கண்ணெதிரே தொங்கும் வாழைப்பழத்தை அவன் அவ்வாறு வாங்கிவிடலாம். "சென்ற வெள்ளிக்கிழமைக்குப் பின் வந்த மூட்டைகளுள் பிரிக்காதவற்றை மட்டும் எண்ணிச் சொல்லுங்கள்" என்பதை எவ்விரலால் சுட்டுவான்? படத்தைத் தொட்டுப் பொறியை நடத்துவோர் நிலையும் இதுவே. ஒரு கோப்பைத் திறக்கலாம், ஒன்றை அழிக்கலாம். ஆயிரம் கோப்புகளில் ஒரு சொல் எங்கெங்கு வந்துள்ளது என்று தாமே கேட்டறியவும், அவற்றிலுள்ள ஒரு பிழையை ஒருங்கே திருத்தவும் மொழி வேண்டும்.

இம்முறை பிறந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்லுகிறேன். அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்ஸியில் மர்ரே ஹில் என்னும் ஊரிலிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில், 1969-ஆம் ஆண்டில், கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் இதனைத் தொடங்கினர். அவர்கள் கையிலிருந்தது பி-டி-பி-7 என்னும் பழைய சிறு கணிப்பொறி. அதனினும் பெரியதொன்று வேண்டுமென்று மேலோரை அணுகியபோது, இயக்க முறை ஆராய்ச்சிக்கென்று கேட்டால் கிடையாது என்பதறிந்து, ஆவணங்களை எழுதித் திருத்தி அச்சிடும் ஏற்பாடொன்று செய்து தருவோம் என்று சொல்லிப் பெற்றனர். 1971-இல் அவ்வாய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவினர் தம் விண்ணப்பங்களைத் தட்டெழுதித் திருத்துவதற்கு இம்முறையைக் கையாண்டனர். ஆகவே தம் குழுவினரல்லாத பிறருள் யூனிக்ஸை முதலிற் பயன்கொண்டோர் எழுத்துப் பணியாளரே. கணிதம் வாராதவனுக்கு இது வாராது என்று அஞ்சி ஒதுங்குவோர் இதனை நினைவிற் கொள்க.

அக்காலத்தில் அவர்கள் திரையைப் பார்த்து வேலை செய்யவில்லை. டெலிடைப் என்னும் தட்டெழுத்துப் பொறி நொடிக்குப் பத்தெழுத்து வீதம் கடகடவென்று காகிதத்தில் அடித்துக் காட்டும். எழுத்தொன்று மிகுந்தாலும் விரலுக்கும் வேலை, காலத்துக்கும் கேடு. ஆதலின் கட்டளைப் பெயர்களைச் சூத்திரம் போலக் குறுக்கினர். இச்சுருக்கம் சிலவிடத்து வரம்பு கடந்ததும் உண்டு. பிற்காலத்தில் தாம்ஸனை நோக்கி, மறுபடியும் யூனிக்ஸைச் செய்வதானால் எதை மாற்றுவீர் என்று கேட்டபொழுது, 'கிரியேட்' என்ற பெயரின் ஈற்றில் தாம் விட்டுவிட்ட ஓரெழுத்தைச் சேர்ப்பேன் என்றாராம்.

பின்னர் 1991-இல் ஹெல்ஸிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் யூனிக்ஸைப் பின்பற்றி லினக்ஸ் என்பதை வெளியிட்டார். 2017 நவம்பர் முதல் உலகின் ஆற்றல் மிக்க கணிப்பொறிகளின் வரிசையிலுள்ள 500-உம் லினக்ஸிலேயே இயங்குகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளீடும் லினக்ஸே. நீங்கள் மடியில் வைத்திருப்பதன் உள்ளே இருப்பதைத்தான் யான் பேசுகிறேன்.

இனி மொழிக்கு வருவோம். ஷெல் என்றால் ஓடு. உள்ளிருந்து வேலை செய்யும் பகுதிக்குப் பருப்பு என்று பொருள்படும் பெயரை இட்டமையால், அதனைச் சூழ்ந்து நம்மோடு பேசும் பகுதி ஓடாயிற்று. டெர்மினல் என்னும் சாளரத்தைத் திறந்தால் ஒரு குறி மட்டும் நின்று, 'சொல்லுக' என்பதுபோல் காத்திருக்கும். கட்டளைப் பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் அடித்து எண்டர் விசையை அழுத்துதல் வேண்டும். இவ்விதழின் வழக்கப்படி அவற்றை ஒலிப்படியே தமிழெழுத்தில் தருகிறேன்.

இம்மொழியின் வாக்கியம் ஏவல் வினையில் தொடங்கும். வினைக்குப் பின் அடை. அடைக்குப் பின் செயப்படுபொருள். அவ்வளவே இலக்கணம். எழுவாய் எப்பொழுதும் பொறியே ஆதலின் அது தோன்றா எழுவாய்.

முதற்கண் அறிய வேண்டுவன மூன்று ஏவல்கள். பி-டபிள்யூ-டி என்பது, 'யான் நிற்கும் அடைவு யாது?' என்று கேட்பது. எல்-எஸ் என்பது, 'ஈண்டுள்ள கோப்புகளைப் பட்டியலிடுக' என்பது. சி-டி என்பது, 'இன்ன அடைவினுள் செல்க' என்பது. எல்-எஸ் என்று மட்டும் சொன்னால் பெயர்கள் வரும். ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடிட்டு, எல் என்னும் அடையைச் சேர்த்தால் அளவும் நாளும் உடையவனும் விரியும். டி என்னும் அடையையும் கூட்டினால் அண்மையிற் திருத்தியது முன்னே நிற்கும். சி-டி என்பதன்பின் இரு புள்ளியிட்டால் ஒரு படி மேலே செல்லலாம். ஒன்றுமே இடாது விட்டால் பொறி நம்மை வீட்டுக்கே கொண்டுவந்து சேர்க்கும். கட்டளையின் பொருள் ஐயமானால் 'மேன்' என்பதை அதன்முன் இட்டுக் கேட்க; உரையாசிரியர் போல விரித்துரைக்கும். அவ்வுரையினின்று வெளிவர 'க்யூ' எழுத்தை அழுத்துக.

பழகத் தொடங்குவோர் இடர்ப்படும் இடம் இரண்டு. ஒன்று, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இம்மொழியில் வெவ்வேறு. கல் வேறு, கால் வேறு என்பது நமக்குத் தெரியும், அங்ஙனமே கொள்க. மற்றொன்று, பொறியின் மௌனம். கோப்பைப் படியெடுக்க சி-பி என்றும், பெயர்க்க எம்-வி என்றும் ஏவினால், செய்து முடித்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாது மீண்டும் குறியைக் காட்டி நிற்கும். மாணாக்கர் ஒன்றும் நடக்கவில்லை என்று கருதி மறுபடியும் அடிப்பர். வாய் திறவாமையே வேலை முடிந்ததற்கு அடையாளம். பிழை நேர்ந்தாலன்றி அது பேசாது. இவ்வடக்கம் நல்லதே எனினும் ஓர் ஆபத்தும் உண்டு. நாம் படியெடுக்கும் பெயரில் முன்னரே ஒரு கோப்பு இருந்தால், அதன்மேலேயே எழுதிவிடும், கேட்காது. கேட்கச் செய்ய 'ஐ' என்னும் அடையைச் சேர்க்க வேண்டும்.

ஆர்-எம் என்னும் ஏவலைப் பற்றிச் சிறிது நின்று சொல்ல வேண்டும். அதன் பொருள் அழித்தல். படங்களைத் தொட்டு அழிக்குங்கால் குப்பைக்கூடையிலிருந்து மீட்கலாம். ஈண்டுக் கூடையே இல்லை. விண்மீன் குறி 'எல்லாம்' என்று பொருள்படும். அதனை ஒட்டிப் புள்ளியும் டி-எக்ஸ்-டி என்பதும் எழுதினால் 'அவ்வீற்றையுடைய கோப்புகள் எல்லாம்' என்றாகும். விண்மீனுக்கும் புள்ளிக்கும் இடையே ஓர் இடைவெளி விழுந்துவிட்டாலோ அவை இரு சொற்களாகப் பிரிந்து, 'எல்லாவற்றையும் அழி. அதன்பின் டி-எக்ஸ்-டி என்பதையும் அழி' என்றாகும். பதம் பிரித்ததில் ஒரு பிழை; அடைவிலுள்ள கோப்புகள் அத்தனையும் போயின! செய்யுளில் சீர் பிரித்தலைப் பிள்ளைகள் விளையாட்டாகக் கருதுவர். அவர்கட்கு யான் இவ்வொரு வரியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுண்டு. விண்மீனோடு ஆர்-எம் சொல்லுமுன், அதே விண்மீனோடு எல்-எஸ் சொல்லிப் பார்த்து, பட்டியலில் வருவன அழிக்கத்தக்கனவோ என்று காண்பது நல்வழி.

இனி எழுதுதலும் திருத்துதலும். ஷெல் கட்டளைகள் நன்கு கையாளுவது வெற்றெழுத்துக் கோப்புகளையே. நிறமும் பருமனும் இன்றி எழுத்து மட்டுமே உள்ளது வெற்றெழுத்துக் கோப்பு. அதன் பெருமை நீடித்து நிற்றல். நம் சங்க இதழின் பழைய ஆண்டுகள் சில பாமினி என்னும் எழுத்துருவில் தட்டெழுதப்பட்டன. அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் அக்கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்னும் சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே காணப்படும். எழுதியது தமிழ்; பொறியினுள் இருந்ததோ ஆங்கில எழுத்தின்மேல் போர்த்த தமிழ்ச் சட்டை. ஒருங்குறியில் எழுதிய வெற்றெழுத்துக்கு இக்கேடு இல்லை. தமிழெழுத்துக்குத் தமிழெழுத்தின் எண்ணே உள்ளிருக்கும்.

தொடங்குவோர்க்கு நானோ என்னும் திருத்தி தக்கது. அதன் அடியில் இரு வரிகளில் கட்டளைகள் எழுதியே இருக்கும். அவற்றின் முன்னுள்ள கூரைக்குறி கண்ட்ரோல் விசையைக் குறிப்பது. அவ்விசையோடு ஓ அழுத்தினால் சேமிக்கும். எக்ஸ் அழுத்தினால் வெளியேறும். இதனை ஒரு நாளிற் கற்கலாம்.

வி-ஐ என்பது வேறு வகை. 1976-இல் பெர்க்லியில் பில் ஜாய் என்பார் இயற்றியது. அதன் வளர்ச்சியாகிய விம் என்பதை 1991-இல் பிராம் மூலெனார் வெளியிட்டார். அவர் 2023-இல் காலமானார். விம்மைப் பொருள் பெறாது வழங்கிய அவர், விரும்புவோர் உகாண்டா நாட்டு ஏழைக் குழந்தைகட்கு உதவுக என்று அதன் முகப்பிலேயே எழுதிவைத்தார். இன்றும் திறப்போர் அதனைக் காணலாம்.

வி-ஐயில் புகுந்தோர் பலர் எழுதவும் இயலாது, வெளியேறவும் இயலாது திகைப்பர். காரணம் யாதெனில், அதில் ஒரே விசைக்கு இரு நிலையில் இரு பொருள். நம் மொழியில் 'படி' என்பது ஒரிடத்து ஏவல், ஒரிடத்துப் பெயர். இடம் நோக்கிப் பொருள் கொள்ளுகிறோம். வி-ஐயைத் திறந்தவுடன் எழுத்துகள் யாவும் ஏவல்களாகும்: எக்ஸ் ஓரெழுத்தை நீக்கும், டி-யை இருமுறை அழுத்தினால் ஒரு வரி நீங்கும், யு செய்ததை மீட்கும். ஐ என்பதை அழுத்திய பின்னரே எழுத்துகள் எழுத்துகளாக விழும். எஸ்கேப் விசை மீண்டும் ஏவல் நிலைக்குக் கொணரும். அந்நிலையில் முக்காற்புள்ளி இட்டு டபிள்யூ, க்யூ என்று அடித்தால் சேமித்து வெளியேறும். க்யூவும் வியப்புக்குறியும் அடித்தால் சேமியாது வெளியேறும். தமிழில் எழுதுவோர்க்கு மட்டும் ஒரு கூடுதல் இடர் உண்டு. நூல்களில் இதனைச் சொல்லுவாரில்லை. விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்து எஸ்கேப் அழுத்தினால், பலகை தமிழிலேயே நிற்கும். அப்பொழுது எக்ஸ் என்று நினைத்து அழுத்துவது தமிழெழுத்தாகச் செல்லும். வி-ஐக்கு அது விளங்காது. பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டே ஏவுதல் வேண்டும்.

எனக்கு மிகவும் உகந்த கட்டளை க்ரெப். இதன் பிறப்பைப் பற்றி பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிரையன் கெர்னிகன் கூறும் செய்தி தமிழ்ப் புலவர்க்கு இனிமை பயப்பது. 1787, 1788-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 85 கட்டுரைகள் புனைபெயரில் வெளிவந்தன. எழுதியோர் ஹாமில்டன், மாடிஸன், ஜே என்னும் மூவர். அவற்றுட் சிலவற்றை எழுதியவர் இன்னார் என்பதில் நெடுங்காலம் வழக்கிருந்தது. லீ மக்மகன் என்பார் சொல்லாட்சியைக் கொண்டு அதனை ஆராய விரும்பினார். அக்காலத்து 'எட்' என்னும் திருத்தியினுள் அவ்வளவு பெரிய நூல் அடங்கவில்லை. தாம்ஸன் அத்திருத்தியின் தேடும் பகுதியை மட்டும் பிரித்துத் தனிக் கட்டளையாக்கித் தந்தார். 'எங்கணும் இவ்வமைப்பைத் தேடி அச்சிடுக' என்று எட்டில் ஏவும் எழுத்துகளே க்ரெப் என்னும் பெயராயின. ஆக, நூலாசிரியர் யார் என்னும் ஆராய்ச்சிக்குப் பிறந்த கருவி அது! நம் புலவர்கள் இரவல் விளக்கொளியில் செய்த வேலைக்கு உறவு முறை.

க்ரெப் என்று எழுதி, தேடும் சொல்லையும் கோப்பின் பெயரையும் எழுதினால் அச்சொல் வந்த வரிகள் யாவும் தோன்றும். என் என்னும் அடையால் வரியெண் வரும். சி என்னும் அடை எண்ணித் தரும். ஆனால் அது எண்ணுவது வரிகளையே, ஒரு வரியில் சொல் இருமுறை வரினும் ஒன்றே. 'கல்' என்று தேடினால் கல்வியும் பகலும் கல்லூரியும் சேர்ந்தே வரும். பொறிக்குப் பகுபத உறுப்பிலக்கணம் தெரியாது.

கட்டளைகளை ஒன்றோடொன்று இணைக்கும் நேர்கோட்டுக்குக் குழாய் என்று பெயர். டக்ளஸ் மக்கில்ராய் என்பார் 1964-லேயே தோட்டத்து நீர்க்குழாய்களைப் பொருத்துவதுபோல நிரல்களைப் பொருத்த வேண்டும் என்றெழுதினார். தாம்ஸன் 1973-இல் அதனை யூனிக்ஸில் அமைத்தார். இடைவெளிகளை வரிமுறிவாக்க டி-ஆர், அடுக்க ஸார்ட், ஒன்றுபோல்வனவற்றைச் சேர்த்தெண்ண யூனிக், எண்ணின்படி மீண்டும் அடுக்க ஸார்ட், தலைப்பகுதியைக் காட்ட ஹெட். இவ்வைந்தையும் குழாயால் தொடுத்தால் ஒரு நூலில் மிகுதியாக வரும் சொற்களின் பட்டியல் இமைப்பொழுதில் வரும். சீட்டெழுதிச் சொல்லடைவு தொகுத்தோர் இதன் அருமையை அறிவர். அறம், அறத்தை, அறத்தின் என்பவற்றை அது மூன்றாக எண்ணும் என்பதும் உண்மை. வேற்றுமை நம் வேலை.

அன்பர்களே, இத்துணையும் சொன்னது இனிச் சொல்லப்போவதன் பொருட்டே. தமிழ்க் கோப்பில் இக்கட்டளைகளை ஏவுவோன் தமிழெழுத்து பொறியினுள் எவ்வாறு நிற்கின்றது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். 'தமிழ்' என்னும் சொல்லுக்கு எழுத்து மூன்று. டபிள்யூ-சி என்னும் கட்டளையை எம் என்னும் அடையோடு ஏவி, வரிமுடிவுக் குறியை விலக்கிப் பார்த்தால் ஐந்து என்னும். சி என்னும் அடையோடு ஏவினால் பதினைந்து என்னும். இகரக் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகக் கணக்கில் ஏறுவதனால் ஐந்து. ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு இடம் கொள்ளுவதனால் பதினைந்து. நம் இலக்கணத்தில் மெய்யின்மேல் அகரம் ஏறிக் 'க' ஆகும். பொறியிலோ 'க' முன்னது, புள்ளி பின்வந்து சேர்வது. இம்முறையை யான் ஒப்பவில்லை. ஆயினும் அறிந்தே ஆகவேண்டும்.

இதனால் விளையும் இடர் சிறிதன்று. 'ஔவை' என்பதன் முதலெழுத்து ஒன்று. தட்டெழுதுவோர் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு 'ஒளவை' என்றே அடித்துவிடுகின்றனர். கண்ணுக்கு வேறுபாடு அரிது. க்ரெப்பினால் 'ஔவை'யைத் தேடினால் அவ்வரிகள் வாரா. இருக்கும் பாட்டைப் பொறி இல்லை என்னும், நாமும் நம்பிவிடுவோம்.

இதனைத் திருத்த ஸெட் என்னும் கட்டளை உண்டு. அதனை இயற்றியவரும் மேற்சொன்ன மக்மகனே. எஸ் என்றெழுதிச் சாய்கோடிட்டுப் பிழைச்சொல்லையும், மீண்டும் சாய்கோடிட்டுத் திருந்திய சொல்லையும், மூன்றாம் சாய்கோட்டின்பின் ஜி என்பதையும் எழுதினால் வரியில் வந்த அனைத்தும் மாறும். 'ஒளவை' என்பதை 'ஔவை' ஆக்குக என்றால் தீங்கில்லை. முழுச்சொல்லை எழுதச் சோம்பி, 'ஒள' வரும் இடமெல்லாம் 'ஔ' ஆக்குக என்று ஒருவர் ஏவிய நூற்கோப்பு ஒன்று என்பால் வந்தது. அதில் ஔவையார் செம்மையாக இருந்தார். ஆனால் நூல் முழுவதும் ஒளி என்பது ஒளியிழந்து, ஔகாரத்தின்மேல் கொக்கி தொங்கும் உருவமற்ற ஒன்றாய்க் கிடந்தது. ஒளிந்தான், ஒளிவு, ஒளிர்ந்தது யாவும் அவ்வாறே. ஏவியவர் தமிழறியாதவர் அல்லர். பொறி சொன்னதைச் செய்தது, கருதியதைச் செய்யவில்லை. மூலக்கோப்பு தனியே இல்லாமையால் அந்நூலை வரிவரியாகப் படித்துத் திருத்த ஒரு கோடை விடுமுறை சென்றது.

ஆகவே சில முறைகளை வற்புறுத்துகிறேன். எந்தக் கோப்பையும் தொடுமுன் சி-பி கொண்டு ஒரு படி எடுக்க. ஸெட்டை ஏவுமுன் அதே பிழையை க்ரெப்பால் தேடி, வரும் வரிகளைக் கண்ணால் படிக்க. ஸெட்டும் தானாகக் கோப்பை மாற்றாது. திருத்தியதைத் திரையிலேயே காட்டும். அதனைப் பார்த்து நிறைவு கொண்ட பின்னரே, கோப்பினுள்ளேயே மாற்றும் ஐ என்னும் அடையைச் சேர்க்கலாம்.

பழகுவதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. விண்டோஸ் முறையிலும் 2016 முதல் லினக்ஸ் ஷெல்லைச் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு. மாக் கணிப்பொறியில் டெர்மினல் இயல்பாகவே உண்டு. ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்னும் செயலி உண்டு. பழைய மடிக்கணிப்பொறி ஒன்றில் லினக்ஸை ஏற்றினாலும் போதும். தலைவர் அவர்களின் இசைவு பெற்று, வரும் ஞாயிறு முதல் காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டிடத்தில் நான்கு வாரம் பயிற்சி நடத்தக் கருதியுள்ளேன். பெண்மக்களும் வரலாம்; வயது வரையறை இல்லை. வருவோர் தம் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கேட்டு எழுதிய இரண்டு பக்கத் தமிழை, ஒருங்குறியில் அடித்து, புள்ளியும் டி-எக்ஸ்-டியும் ஈறாகப் பெயரிட்டுக் கொண்டு வருக. முதல் நாள் அதனைப் படியெடுக்கவும் அதில் 'ஒள' எத்தனை உண்டு என்று தேடவும் கற்போம்.